பழகின ருசி

எனக்குக் கறுப்பு பீர்தான். கருகின வெல்லம் மாதிரி ஒரு வாசனை, நாக்கின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் ஒரு கசப்பு. இப்போது பெங்களூரில் பீர் காய்ச்சும் எவர்சில்வர் தொட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, கோதுமையில் காய்ச்சியது, ஆரஞ்சுத் தோல் போட்டது என்று குட்டிக் குட்டி டம்ளர்களில் வரிசையாக வைக்கிறார்கள். கூட வந்தவர்கள் உறிஞ்சிப் பார்த்துத் தங்கள் ருசியைச் சொல்கிறார்கள். என் முறை வரும்போது டம்ளருக்குள் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

எழுபதுகளில் மதுவிலக்கு. பீர் வேண்டுமென்றால் பஸ் ஏறி ஆந்திர எல்லையைத் தாண்ட வேண்டும். எண்பதுகளில் கடை நம் ஊருக்கே வந்துவிட்டது. ஆனாலும் வகை என்று கேட்டால் பெங்களூர்தான். தோல் ஏற்றிப் போகும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்தால், திரும்பி வரும்போது வைக்கோல் சுற்றி நாலைந்து பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார்.

நாங்கள் மூன்று பேர். நான் ஆம்பூரில் ஒரு தோல் பேக்டரியின் ஆபீசில். இன்னொருவன் அதே பேக்டரியில் செலக்‌ஷன். பதப்படுத்தின தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தேய்த்து, பர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று சொல்கிற வேலை. சொன்னது சொன்னதுதான், முதலாளியே மாற்றமாட்டார். மூன்றாமவன் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன். அவனுக்கு ஸ்ட்ராங் பீர் பிடிக்கும். அதில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி புளித்த வாசனை வருகிறதாம், வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். செலக்‌ஷன்காரனுக்கு லைட். கசப்பு கம்மியாக, தொண்டையில் எதுவும் பிடிக்காமல் இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தறிக்காரன் கொண்டுவரும் லுங்கித் துண்டால் ஒருவன் கண்ணைக் கட்டி, டம்ளர் டம்ளராகக் கொடுப்போம். வகையைச் சொல்ல வேண்டும். தோலுக்குச் சொல்வது போலவே தரமும் சொல்ல வேண்டும். செலக்‌ஷன்காரன் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. மூடியைத் திறக்கும் சத்தத்திலேயே பாதியைச் சொல்லிவிடுவான் என்று சந்தேகம்.

நான் சொல்லும் வருஷம் அவன், பேக்டரிகளின் கழிவுத் தண்ணீர் இறங்கும் பாலாற்றங்கரையில் வீடு கட்டியிருந்தான். சின்ன வீடு, பின்னால் கிணறு. கல்யாணத்துக்கு முன்பிருந்து சேர்த்ததெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் போயிருக்கிறது என்பான். மனைவிக்கு ஏழாம் மாதம். தண்ணீர் மாறிப்போச்சு, வாயில் வைக்க முடியவில்லை என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். வயிற்றில் இருப்பதை நினைத்து பயமாக இருக்கிறது, அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள் என்றாள். வேலூரைத் தாண்டிக் கணியம்பாடிப் பக்கம் அவள் ஊர். இவன் கேட்கவில்லை. மாசமாக இருக்கும்போது எல்லாருக்கும் வாய் அப்படித்தான், அம்மா வீட்டு ஆசை தண்ணீர் மேல் பழி போடுகிறது என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தான். அவள் தினமும் ரோடு தாண்டிப் போய்க் குடம் சுமந்து வந்தாள். அவன் பிடிவாதமாகக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தான்.

அந்த ஞாயிறு மதியம் நாங்கள் போனபோது வெயில் அசையாமல் நின்றது. கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை. கிணறு என்றால் தவளையாவது இருக்க வேண்டும். சுவரில் புறா கூடு கட்டின இடம் காலியாக இருந்தது, எச்சம்கூடக் காய்ந்து பழசாகியிருந்தது. குளிரட்டும் என்று பாட்டில்களை வாளியில் வைத்து உள்ளே இறக்கினோம். வாளி தண்ணீரைத் தொட்டதும் கீழேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. எட்டிப் பார்த்தேன். வாளியைச் சுற்றி வெள்ளையாக நுரை கூடியது. கலையவில்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டு, யாரோ அடியில் இருந்து ஊதுவது போல, என் பக்கமாக வந்து நின்றது.

கை கழுவின தறிக்காரன் விரலை மோந்து பார்த்தான்.

"இன்னாடா தண்ணி இது? செத்த நாத்தம் வருது."

"கஞ்சித்தண்ணி குடிச்சி வளந்த மூக்கு, உனுக்கு எல்லாம் நாறும்" என்றான் செலக்‌ஷன்காரன்.

நானும் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் தோல் நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள், நாங்கள் எதற்கு என்று பார்ப்போம். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அது இருக்கிறதா என்று.

பாட்டில்களை மேலே இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். செலக்‌ஷன்காரன் கண்ணைக் கட்டினோம். ஊற்றிக் கொடுப்பது என் வேலை. எவர்சில்வர் டம்ளர்கள், வறுத்த கடலை, ஊறுகாய். முதலில் ஸ்ட்ராங். வாசனையிலேயே சொல்லிவிட்டான். செகண்ட் என்றான். அடுத்தது கறுப்பு. முகம் சுளித்து, இதை எவன் குடிப்பான், ரிஜெக்ட் என்று என் பக்கம் திரும்பினான். சிரித்தோம். மூன்றாவதை ஊற்ற நான் பாட்டிலை எடுத்தபோது பக்கத்தில் ஒரு வளையல் சத்தம். அவன் மனைவி. கையில் ஒரு டம்ளர். பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

டம்ளருக்குள் வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தது. மேலே ஒரு விரல் நுரை. லைட் பீர் என்றே முதலில் நினைத்தேன். பிறகு பாட்டிலைப் பார்த்தேன். மூடி திறக்காமல் இருந்தது.

தறிக்காரனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். டம்ளரை எடுத்து நண்பன் கையில் கொடுத்தேன். உதட்டில் வைத்ததும் துப்பிவிடுவான், எல்லாரும் சிரிப்போம், தண்ணீர்ப் பேச்சு அத்தோடு தீரும் என்று நினைத்தேன்.

அவன் ஒரு வாய் குடித்தான். நின்று, இன்னொரு வாய் குடித்தான். நெற்றி தளர்ந்தது. உதட்டில் நுரை.

"இதான்டா பீரு. வாய்க்குப் பழகின மாதிரி இருக்குது. பர்ஸ்ட்."

வெளியே கிணற்றுப் பக்கம் மறுபடி அந்த மூச்சு, மிக மெதுவாக. நாங்கள் சிரிக்காதது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். என்னடா, தப்பா சொல்லிட்டேனா என்று கட்டின கண்ணோடு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினான்.

"அது பீர் இல்லீங்க" என்றாள் அவள். "நம்ம கெணறு."

அவன் கட்டை அவிழ்க்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கட்டத்துணிக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது. அந்த வாய் வேறு யாருடையதோ போல இருந்தது. மறுபடி ஒரு சொட்டு எடுத்தான். மென்றான். தண்ணீரை மெல்லுகிற ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு டம்ளரை அவள் குரல் வந்த பக்கமாக நீட்டினான்.

"உனுக்கு எப்படி இருக்குது, சொல்லு."

அவள் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தாள். உடனே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முதலில் உப்பு என்றாள். அப்புறம் ஆணியைச் சப்பின மாதிரி. கடைசியில் அழுகின முட்டை, அது தொண்டையில் ராத்திரி வரைக்கும் நிற்கும் என்றாள். எங்களில் யாரும் எந்த பீருக்கும் அத்தனை சுத்தமாகச் சொன்னதில்லை. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகும் நாக்கை உதட்டில் ஓட்டித் தேடினான். அவள் சொன்ன மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா என்று. கிடைக்கவில்லை.

அவளைப் பெட்டி கட்டச் சொன்னான். அதைச் சொல்லிவிட்டுத்தான் துணியை அவிழ்த்தான். மீதிப் பாட்டில்கள் மூடியோடு பாயிலேயே கிடந்தன. வெயில் தாழ ரோட்டுக்கு வந்தோம், தறிக்காரன் தலையில் டிரங்குப் பெட்டி. வேலூர் பஸ் வந்து நின்றது. அவளை ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு இவன் கீழே நின்றான். வருஷத்துக்கு நாலுமுறை போய் வந்த மாமியார் வீடு. அங்கே தண்ணி எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டான்.

"வந்து குடிச்சிப் பாருங்களேன்."

"குடிச்சா எனுக்கு இன்னா தெரியும்? நீதான் சொல்லணும்."