எண்பத்தைந்து லென்ஸும் தங்கையின் வலக்கன்னமும்

போர்ட்ரெய்ட் எடுக்க ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கலாமா, எண்பத்தைந்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? "உங்க இஷ்டம்ங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். திமிர் பிடித்தவன் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் அந்தக் கேள்வியோடு மாதக்கணக்கில் அலைந்தவன்தான். அப்போது என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ். கல்யாண மண்டபத்துக்கு அது போதும். முகம் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகிற மாதிரி எடுக்க ப்ரைம் லென்ஸ் வேண்டும். அதில் ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். ஐம்பது என்றால் நன்றாகவே நெருங்க வேண்டும். எண்பத்தைந்து என்றால் தள்ளி நின்றே எடுக்கலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். யூடியூபில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அதே சமயத்தில் வீட்டில் என் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஜாதகத்தோடு போட்டோவும் போக வேண்டும். புது லென்ஸில் முதல் படம் அவளுடையதாக இருக்கட்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

அவளுக்கு மூன்று வயதில், வடித்து வைத்த கஞ்சி கவிழ்ந்து, வலது காதுக்குக் கீழிருந்து தாடை வழியாகக் கழுத்து வரை தழும்பு. அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஜடையை முதுகுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், பி.எட். முடித்தாள். யாராவது கேட்டால், "கஞ்சிய வாயில ஊத்தத் தெரியாம கழுத்துல ஊத்திக்கிட்டேன்" என்று சிரிப்பாள். கேட்டவர்களும் சிரித்துவிடுவார்கள்.

லென்ஸ் வாங்கத் திருச்சிக்குப் போன அன்று அவளையும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். தெரிந்த முகத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தாள். ஜடை பின்னால் கிடந்தது. முதலில் ஐம்பதை மாட்டி ஓரடி ஓரடியாக நெருங்கிப் போனேன். "மூக்குல இடிச்சிடாதண்ணே" என்றாள். அந்தச் சிரிப்பு அப்படியே விழுந்தது. தழும்பும் விழுந்தது.

பிறகு எண்பத்தைந்து. கடை வாசல்படி வரை பின்னால் போக வேண்டியிருந்தது. "முகத்த கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு பாப்பா" என்றேன். அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. எதற்கு என்ற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினாள். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து இடது கண்ணில் ஃபோகஸ் செய்தேன். கண் மட்டும் பளிச்சென்று நின்றது. அதற்கு அப்பால் தாடையும் கழுத்தும் பின்னணியோடு கலங்கிப் போயின. தழும்பு இருந்த சுவடே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு படத்தையும் கேமராவில் பார்த்தாள். "மொதல்ல எடுத்ததுதான் என்னைய மாதிரி இருக்கு. அத வாங்குண்ணே."

"உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு" என்றேன். இந்த ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் என் ஸ்டுடியோவையே கொடுத்துவிடுவேன்.

எண்பத்தைந்தையே வாங்கினேன். அதில் எடுத்த படம் ஜாதகத்தோடு போனது. அரியலூரிலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை, ஒரே அக்கா, நல்ல குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கம் பெண் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள், இல்லையென்றால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். எல்லாம் பொருந்திவிட்டது, வந்து பார்ப்பதுதான் பாக்கி என்ற நம்பிக்கையில் அம்மா காலையிலேயே இலை நறுக்கி, வடை சுட்டு, பாயசம் வைத்திருந்தாள்.

தங்கை வந்து கும்பிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோ யாருங்க எடுத்தது?"

"அவ அண்ணன்தாங்க. ஸ்டுடியோ வச்சிருக்கான்" என்றார் அப்பா, பெருமையாக.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊருக்குப் போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்ங்க" என்று எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். வேன் கிளம்பிய சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தங்கை அழவில்லை. "செஞ்சத யாரு திங்கறது, வாங்க" என்று இலை போட்டாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, வந்தவர்களுக்காக நறுக்கிய இலை ஒன்றில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தேன். ஜடையை வலது தோள் வழியாக முன்னால் போட்டிருந்தாள். அன்றிலிருந்து அது பின்னால் போகவே இல்லை.

அரியலூர்க்காரர்களுக்குத் தழும்பு பிடிக்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துகொண்டோம். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். அதற்கப்புறம் வந்த வரன்களுக்கு அவள் போட்டோ தர மறுத்துவிட்டாள். வெறும் ஜாதகத்தை வைத்துக்கொண்டு யார் வருவார்கள்? பேச்சு மெல்ல நின்றது. அரியலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து, தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் போய் வந்தாள்.

நாலு வருஷம் கழித்து அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். மண்டபத்தில் ஒருவர் தோளில் குழந்தையோடு என்னிடம் வந்து நின்றார். அந்த மாப்பிள்ளை. தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

அவர் முகம் வாடிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. தழும்பெல்லாம் எங்கம்மாவுக்கு ஒரு விஷயமே இல்லீங்க. எங்கக்காவுக்கே கை முழுக்கத் தீக்காயம். மொதல்லயே தெரிஞ்சிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. இதையே மறைக்கிறாங்களே, இன்னும் என்னத்த மறைச்சு வச்சிருக்காங்களோன்னுதான் பயந்துட்டாங்க."

கழுத்தில் கேமரா தொங்கியது. அதில் மாட்டியிருந்தது அதே எண்பத்தைந்து. அவர் போனபின் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். மணமேடையில் முகூர்த்தப் படம் ஏழெட்டு தவறிப்போனது. இதைத் தங்கையிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை.

அடுத்த வாரமே திருச்சிக்குப் போய் ஐம்பதை வாங்கிவந்தேன். "ஒரே ஒரு படம், உக்காரு" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது. விடைத்தாள் இருந்தது, துணி ஊறிக்கொண்டிருந்தது. லென்ஸ் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தது.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அவளாகவே ஸ்டுடியோவுக்கு வந்தாள். "ஐடி கார்டுக்கு போட்டோ கேக்குறாங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் எடு." காதோரம் நரை தெரிந்தது. அலமாரியிலிருந்து ஐம்பதை எடுத்து மாட்டினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓரடி ஓரடியாக நெருங்கினேன். இந்த முறை அவள் மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஜடையை முன்னால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நேரா பாரு பாப்பா" என்றேன். "சிரி."

"இவ்வளவு கிட்ட வேணாம்ண்ணே. அந்தப் பெரிய லென்ஸு இருக்குல்ல, அதுல எடு. அதுலதான் தெரியாது."

"தெரிஞ்சா என்ன இப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. பாடம் ஏறாத பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. "அன்னிக்கு நீதானே திருப்பச் சொன்ன" என்றாள்.

ஐம்பதைக் கழற்றி வைத்துவிட்டு எண்பத்தைந்தை மாட்டினேன். முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போனேன். முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இந்த முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.