எந்தக் கோப்பிலும் இல்லாத பெயர்

லிஸ்ப் என்ற கணினி மொழி நிரல்களுக்காக நான் எழுதும் எடிட்டரை இன்று அலுவலகத்தில், கூட வேலை செய்யும் மலையாளி மணிகண்டனுக்குக் காட்டினேன். நிரலில் உள்ள ஒரு செயல்கூறின் பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் மீதியை அதுவே சொல்லும். கோப்புகளில் தேடாது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமே கேட்கும்.

ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி நிரலோடு இணைத்திருந்தேன். ரத்தப் பிரிவு பொருந்துகிறதா என்று சோதிக்கும் ஒரு செயல்கூறின் பெயர் வந்தது.

"சேச்சி, இது எந்த ஃபைல்ல இருக்கு?"

தேடினோம். எதிலும் இல்லை. வேலையை விட்டுப் போன யாரோ, ஓடும் நிரலுக்குள்ளேயே நேராகத் தட்டிவிட்டுச் சேமிக்காமல் போயிருக்கிறார். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால், இந்தச் சோதனை இல்லாமலே நிரல் ஓடும். யாருக்கும் தெரியாது.

"இத்தனை நாள் ஓடிச்சில்லே? தொடண்டா சேச்சி, அப்படியே விட்டுடுங்க" என்றான் மணிகண்டன்.

ரத்த வங்கிக்குப் போன் செய்தேன். கணினியை அணைக்கவே கூடாது என்றேன்.

அங்கிருந்தவரும் மலையாளி. "பேடிக்கண்டா மேடம், பயப்படாதீங்க. கரன்ட் போனாலும் அணையாது. புது யுபிஎஸ் மாட்ட ஆள் வந்தாச்சு."

"மாட்டுறதுக்கு அணைக்கணுமே! நான் வந்து அதைச் சேமிக்கிற வரை தொடாதீங்க."

"பாக்கலாம் மேடம்."

கூப்பிட்ட ஆட்டோ இன்னும் வரவில்லை. 'பாக்கலாம்' என்ற பதிலை நம்பி நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் உங்களில் யாராவது உண்டா?