ஏலக்காய்க் கிடங்கில் ஒரு சாம்பிள் ஆட்டம்

மதுரையில் பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஒரு நாடகம் பார்த்தேன். பார்த்துவிட்டு பஸ் ஏறியிருந்தால் அந்தச் சித்திரை மாதம் எனக்கு வாய்த்திருக்காது. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடி, அதை எழுதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸார், இதை எங்க போடிக்குக் கொண்டாங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தபாலாபீஸ் குமாஸ்தா. ஒல்லியான மனுஷர். பகலெல்லாம் முத்திரை குத்திவிட்டுச் சாயங்காலம் நாடகம் எழுதுகிறவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு ஊர்ல ஆளே வரலை. நடிக்கிறவங்க மூணு பேரும் புராண நாடகக் கம்பெனிக்குப் போறதாச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு ஊர் பாத்துட்டுப் போறோம்னு எனக்காக நிக்கிறாங்க. அந்த ஒரு ஊர் உங்க ஊரா இருக்கணுமா, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிற வயசா எனக்கு? "எங்க ஊர்தான் ஸார்" என்றேன்.

அந்த நாடகத்தில் ராஜா கிடையாது. அரண்மனை வரைந்த படுதா கிடையாது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வீடு, ஒரு பெஞ்சு, ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். மகளுக்குத் தூரத்து ஊரில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு அனுப்ப இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா சோறு கட்டுகிறாள். பஸ் வரப்போகிறது. மூன்று பேரும் அதைத் தவிர மற்றதையெல்லாம் பேசுகிறார்கள், கூரை ஒழுகுவதை, பக்கத்து வீட்டு ஆடு புகுந்ததை. கடைசியில் ஹாரன் சத்தம். பெண் ஓடுகிறாள். பெஞ்சில் சோற்றுப் பொட்டலம் கிடக்கிறது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். பஸ் போய்விட்டது. அவர் பொட்டலத்தோடு நிற்கிறார். திரை.

திரை விழுந்த மறுநிமிஷம்தான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். இத்தனைக்கும் நான் வீட்டைவிட்டு ஹாஸ்டலுக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாகத் திரும்பிக்கூடப் பார்க்காதவன்.

பழைய நாடகங்களை நான் மட்டம் தட்டவில்லை. கிரீடம் வைத்தவர் தொடையைத் தட்டி வசனம் பேசினால் எனக்கும் குஷிதான். ஆனால் இப்போது எழுதுகிறவர்கள் நம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்து உட்கார் என்கிறார்கள். உங்கள் ஊருக்கு இப்படி ஒரு குழு வந்தால் போய் உட்காருங்கள். முதல் கால்மணி நேரம் எரிச்சலாக வரும். ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றும். எழுந்துவிடாதீர்கள். நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் ஊருக்கு வந்து அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். திருவிழாவில் மூன்று நாள் நாடகம் போடுவது ஏலக்காய் வியாபாரிகளின் பொறுப்பு. அப்பாவும் அவர்களில் ஒருவர். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டே கேட்டார்.

"ராசா இல்லையா?"

"இல்லப்பா."

"பாட்டும் இல்லையா? ஒம்பது மணிக்கே முடிஞ்சிருமா? அப்புறம் விடியிற வரைக்கும் சனம் என்னத்தடா பண்ணும்?"

"தூங்கும்ப்பா."

"தூங்குறதுக்கு வீட்டுல எடம் இல்லாமலா தேவாரத்துலருந்தும் ராசிங்காபுரத்துலருந்தும் வண்டி கட்டிட்டு வருது?"

எதிரில் உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். சொந்த மாமா இல்லை. ஊரிலேயே பெரிய ஏலக்காய்க் கடை அவருடையது. திருவிழாக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். போடியில் அவர் எடுக்கிற நாடகத்தைத்தான் கம்பம் வரைக்கும் எல்லா ஊரும் எடுக்கும். மலைமேல் எஸ்டேட்காரர்களும் எடுப்பார்கள்.

"மாப்ளே படிச்சவுக. சும்மாவா சொல்லுவாக?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆனா சாம்பிள் பாக்காம சரக்கு எடுக்கிற வழக்கம் நமக்கு இல்ல. வரச்சொல்லு. நம்ம கிடங்குல பகல்ல ஒரு ஆட்டம் ஆடிக் காட்டட்டும். பாத்துட்டுச் சொல்றோம்."

சாம்பிள் ஆட்டம்! மதுரைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்றே பாதித் தூக்கம் போயிற்று. சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அறுவடையெல்லாம் முடிந்து கிடங்கு காலியாக இருந்தது. வாசனை மட்டும் காலியாகவில்லை. மகளாக நடித்த பெண் உள்ளே நுழைந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினாள். அப்பா வேஷக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வசனம் சொல்லிப் பார்த்தார். மேடை என்று ஒன்றும் இல்லை. தட்டுப்பலகையை அடுக்கி, ஜமக்காளத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் திரை ஆக்கியிருந்தேன். வியாபாரிகள் மத்தியானச் சாப்பாடு முடித்து, வெற்றிலையோடு வந்து கோணிச்சாக்குகளின் மேல் உட்கார்ந்தார்கள். நடுவில் மாமா. ஓரத்தில், எனக்குச் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி, அப்பா.

நாடகம் ஆரம்பித்தது.

மதுரையில் சிரித்த இடத்தில் இவர்கள் சிரிக்கவில்லை. ஆடு புகுந்த கதைக்கு அங்கே கூரை அதிர்ந்தது. இங்கே ஒரு பல் தெரியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்ட இடத்தில் ஒரு உச்சுக் கொட்டல்கூட இல்லை. வரிசையாக இத்தனை முகங்கள், எல்லாம் சாத்தின கதவு மாதிரி. நான் ஜமக்காளத்துக்குப் பின்னால் நின்று சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் நாடகக்காரர், அந்தத் தபாலாபீஸ் குமாஸ்தா, என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"போச்சு தம்பி."

"இல்ல ஸார்."

"என்ன இல்லை? எத்தனை சபை பாத்திருக்கேன்? பிடிக்கலைன்னா கத்துவாங்க, அதுகூடப் பரவாயில்லை. இது என்ன, எழவு வீடு மாதிரி? அப்பா வேஷக்காரர் நல்லாப் பாடுவார். கடைசிக் காட்சிக்கு முன்னாடி ஒரு சோகப் பாட்டு நுழைச்சிடுவோம். இவங்க கேக்குறது அதுதானே?"

அப்பா வேஷக்காரர் தயாராகத் தொண்டையைச் செருமினார். எனக்கும், சரி பாடித் தொலையட்டும் என்றுதான் முதலில் வாய் வந்தது. மூன்று பேரும் புராணக் கம்பெனிக்குப் போய்விட்டால் இந்த நாடகத்தை அப்புறம் யார் ஆடுவது? ஒரு பாட்டோடு பிழைத்தாலும் பிழைக்கட்டுமே. ஜமக்காளத்தை விலக்கி இன்னொரு தடவை வெளியே பார்த்தேன்.

மாமா வெற்றிலையைக் கையில் வைத்திருந்தார். சுண்ணாம்பு தடவியிருந்தார். மடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மாமா தலையைத் திருப்பாமலே கையைக் காட்டி அடக்கினார்.

அந்த முகத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து காய் வந்ததும், ஒரு கை அள்ளி, ஒன்றை உரித்து மோந்து பார்ப்பாரே, அந்த முகம். மட்டமான காய் என்றால் எங்கள் ஆட்கள் வாய் ஓயாது. "என்னய்யா இது, மழையில குளிப்பாட்டிக் கொண்டாந்தியா? கல்யாணத்துக்குப் பவுடரு பூசுன மாதிரியில்ல வெளுத்திருக்கு" என்று கிண்டல் பறக்கும். நல்ல காய் என்றால் பேச்சு நின்றுவிடும். வாயைத் திறந்து நல்லாயிருக்கு என்றால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவானே. சரக்கு பேசி முடிகிற வரைக்கும் நல்லதை நல்லது என்று சொல்லாத ஊர் எங்கள் ஊர்.

அதுதானா இது? இல்லை, சாப்பாட்டு மயக்கமா? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னேன்.

"பாட்டு வேண்டாம் ஸார். இருக்கிறபடியே ஆடுங்க."

"சொல்றது யாரு? நீங்களா, உங்க ஊரா?"

"ஊருதான் ஸார்." சொல்லிவிட்டு ஜமக்காளக் கயிற்றின் பக்கம் போய்விட்டேன்.

அப்பா வேஷக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அந்தக் கோபமோ என்னமோ, கடைசிக் காட்சியில் பொட்டலத்தோடு அவர் நின்ற நிற்பு மதுரையைவிட நன்றாக இருந்தது. ஜமக்காளத்தை இழுத்து மூடினேன்.

கை தட்டல் இல்லை. சாக்குகள் சரசரத்தன. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று. எட்டிப் பார்த்தால் கிடங்கில் ஒருத்தரும் இல்லை. அப்பாகூட இல்லை.

நாடகக்காரர் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "உங்களைக் குறை சொல்லலை தம்பி" என்றார். குறை சொல்லியிருந்தால் தேவலை. ராத்திரி வீட்டில் அப்பா பருப்பு ரசத்தைப் பற்றிப் பேசினார். தேவாரம் பக்கம் யானை இறங்கிய கதையைச் சொன்னார். நாடகம் என்ற வார்த்தையே அந்த வீட்டில் பிறக்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால்? சொல்லாமல் இருக்கும்வரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று விழுங்கிவிட்டேன்.

காலையில் நாடகக்காரர் பஸ்சுக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள எங்கள் கடைக்கு வந்தார். நடிகர்கள் மூன்று பேரும் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில். கடையில் அப்பா, மாமா, இன்னும் சில வியாபாரிகள். அவர் கும்பிட்டு, "வர்றேனுங்க" என்றார்.

"உக்காருங்க, வெரசாப் போயி என்ன செய்யப் போறீக?" என்று மாமா தான் உட்கார்ந்திருந்த மெத்தையில் பக்கத்தில் இடம் காட்டினார். நாடகக்காரர் உட்கார்ந்ததும் மாமா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருடைய வலதுகை மேல் போட்டார். தன் கையையும் துண்டுக்குள் விட்டார்.

எங்கள் கடைகளில் பேரம் அப்படித்தான். மாட்டுச் சந்தையில் போலத் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து முடித்துக்கொள்வார்கள். சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் ஆள் வாய் திறக்கவும் கூடாது. திறந்தால் பேரம் அத்தோடு செத்தது. நானோ நாடகக்காரருக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கவில்லை.

மாமா ஒரு விரலைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு விரல் என்றால் ஒரு நாள் ஆட்டம். நாடகக்காரர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார். பாம்பைத் தொட்ட மாதிரி. கையை இழுத்தால், போதாது, ஏற்றிச் சொல் என்று எங்கள் பாஷை.

மாமா புருவத்தை உயர்த்தினார். கையை விடவில்லை. மறுபடி துண்டு அசைந்தது, இரண்டு விரலாக இருக்க வேண்டும். நாடகக்காரர் என்னைப் பார்த்தார். இந்தப் பெரிய மனுஷர் என் கையை என்ன செய்கிறார் என்று அந்தக் கண் கேட்டது. நான் தலையை ஆட்டக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி இழுத்தார், இந்தத் தடவை பலமாக. மணிக்கட்டு துண்டுக்கு வெளியே வந்துவிட்டது. விரல் நுனி மட்டும்தான் உள்ளே. முழுக் கையும் வெளியே வந்தால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். எழுதியவர் கையாலேயே நாடகம் முடிந்திருக்கும்.

"மதுரைக்காரரு லேசுப்பட்ட ஆளு இல்ல போலயே" என்றார் மாமா. அவர் நெற்றி வேர்த்திருந்தது. நுனியைக் கெட்டியாகப் பிடித்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாடகக்காரர் ஓய்ந்துவிட்டார். என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பது போல் கையை அப்படியே போட்டுவிட்டார். துண்டு அசையாமல் கிடந்தது. எங்கள் ஊரில் அது சம்மதம். மாமா மூச்சு விட்டார்.

"முடிஞ்சுபோச்சு. திருவிழாவுல மூணு நாளும் இவுகதான்."

"எது தம்பி முடிஞ்சது?" என்று நாடகக்காரர் என்னிடம் கேட்டார். "உங்க நாடகம்தான் ஸார்" என்றேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர ஓட வேண்டும் என்று தோன்றியது.

அதற்குள் மாமா நாடகக்காரர் பக்கம் குனிந்தார்.

"சரி, இப்பச் சொல்லுங்க. அந்தப் பிள்ள மத்தியானம் என்னத்தச் சாப்பிட்டுச்சு?"

"எந்தப் பிள்ளைங்க?"

"பஸ்சு ஏறுச்சே, உங்க பிள்ளதான். பொட்டலத்த விட்டுட்டுல்ல போயிருச்சு. ராத்திரிப் பூரா நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல."

நாடகக்காரர் விழித்தார். "அதை நான் யோசிக்கலைங்களே."

"எழுதுனவரு நீருதானய்யா? யோசிக்காம எப்படி வெறும் வயித்தோட ஏத்தி விட்டீரு?"

"பஸ்சு ஆண்டிபட்டில நிக்கும்ல?" என்றார் தராசுப் பக்கமிருந்து அப்பா. முந்தின நாளிலிருந்து அவர் நாடகத்தைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. "எறங்கி ரெண்டு இட்லி தின்னுருக்கும்."

"பொம்பளப் பிள்ள தனியா கிளப்புக் கடையில ஏறுமாண்ணே?"

"டீச்சரு வேலைக்குப் போற பிள்ளய்யா அது. ஏறாம?"

"அந்த அப்பன்காரன் அடுத்த பஸ்சுல கொண்டு போயிக் குடுத்திருக்கலாம். கல்லு மாதிரி நின்னான் பாரு, அவனச் சொல்லணும்."

"நீ உன் மவள மலைக்குக் கட்டிக்குடுத்தப்ப ஜீப்பு பின்னாடியே ஓடுனியோ?"

கடை முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. சாத்தின கதவெல்லாம் திறந்துகொண்டது. ஆட்டைப் பற்றி ஒருவர் சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சரக்குதான் பேசி முடிந்துவிட்டதே, இனி நல்லதை நல்லது என்று சொன்னால் என்ன?

நாடகக்காரர் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.