பழனாயிக்கு எந்த ஊசி?

எங்கள் பனியன் கம்பெனியில் பழனாயி வேகத்துக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்ட ஆளில்லை. வாய்க்கும் அப்படித்தான், சூப்பர்வைசர் மருதாசலமே அவளிடம் குழைந்துதான் பேசுவார். நாற்பத்தாறு வயதில் ஒரே ஒரு தொல்லை. திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு குடிப்பாள், சற்றுநேரத்தில் அடங்கிவிடும்.

போன வியாழக்கிழமை அடங்கவில்லை. முகம் வெளுத்து மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். செக்கிங் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இதயம் நிமிடத்துக்கு நூற்றுத்தொண்ணூறு அடித்தது. மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார் டாக்டர் வினிதா. பலிக்கவில்லை.

"ஒரு ஊசி போட்டா இந்தப் படபடப்பு நொடியில நிக்கும். உங்களுக்கு ஆஸ்துமா இருக்குங்களா?"

"இல்லீங்க" என்றாள் பழனாயி, துளிகூட யோசிக்காமல்.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட கிறுக்கி! பைக்குள்ள வெச்சு நித்தமும் வாயில அடிக்கறயே பம்பு, அது என்ன வாசனைக்கா?"

"அது பஞ்சு இழுப்பு புள்ள. பஞ்சுத் தூசில கெடந்தா எல்லாருக்குந்தான் இழுக்குது. அது சீக்கா?"

டாக்டர் சட்டென்று கையைக் காட்டி நர்ஸை நிறுத்தினார். "அதாங்க ஆஸ்துமா. இந்த அடினோசின் போட்டிருந்தா மூச்சுக்குழல் இறுகியிருக்கும். வெராபமில்னு இன்னொண்ணு இருக்கு. அதுவும் இதே அளவுக்குக் கேக்கும், மெதுவா ஏத்தோணும், அவ்வளவுதான். பிரஷர் எறங்காம பாத்துக்கறேன்."

மெதுவாகத்தான் ஏற்றினார். நான் மருதமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இதயத் துடிப்பு காட்டும் மானிட்டரைப் பார்த்தேன். நூற்றெண்பது. நூற்றெழுபது. திடீரென்று எண்பத்தாறு! பழனாயி நீளமாக மூச்சு விட்டாள். அழுதது நான்தான்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவள், டீ நேரத்தில் மெஷின் வரிசைக்கு நடுவில் நின்றாள்.

"ஆருக்கெல்லாம் ஆஸ்துமா இருக்குது?"

ஒரு கைகூட எழவில்லை.

"செரி, பஞ்சு இழுப்பு?"

சிரித்துக்கொண்டே பதினோரு பேர் கை தூக்கினார்கள். பன்னிரண்டாவதாக, அவளை அத்தனை திட்டிய நானும் தூக்கினேன்.

"ஞாயித்துக்கெழமை வேன் சொல்லியிருக்கறன்" என்றாள் பழனாயி. "பன்னெண்டு பேரும் வாங்க, டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்தர்லாம்."