ஆறாம் கட்டிலுக்குப் போன ஊசி

பதினோரு வருடம் ஜீவராணி வீட்டில் சும்மா இருந்தாளாம். மலையகத்துப் பண்டாரவளையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில், அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டியவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, காய்ச்சலும் பரீட்சையுமாக மல்லுக்கட்டி ஆளாக்கியவளைச் சும்மா இருந்தவள் என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் நாற்பத்தொரு வயதில் மறுபடியும் தாதி வேலை கேட்டு நிற்பவள் வாயைத் திறக்க முடியுமா? மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார் நிர்வாகி இத்ரூஸ். அவளும் தலையாட்டினாள்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். உயிரைக் கொடுத்தாவது வேண்டும் என்று இருந்தாள். ஐந்து வாரம் ஓடிவிட்டது. வார்ட்டுக்குப் பொறுப்பான நிஷாந்தினிக்கு இருபத்தெட்டு வயதுதான். பேச்சுக்கு 'அக்கா' என்பாள், வேலையில் மட்டும் ஈவு இரக்கம் பார்க்க மாட்டாள். மருந்துக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தாமதித்ததற்காக ஜீவராணி இதற்குள் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஆறரை மணி. ஆறாம் கட்டிலின் அட்டையில் விஜயலெட்சுமி, சீனி வருத்தம், சாப்பாட்டுக்கு முன் பன்னிரண்டு யூனிட் இன்சுலின் என்று இருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் ஸ்வெட்டரும் போர்வையுமாக ஒரு வயதான அம்மா சுருண்டு படுத்திருந்தார். கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டி ஸ்வெட்டருக்குள் மறைந்திருந்தது.

"விஜயலெட்சுமி அம்மாதானே? ஊசி போட்டுருவோமா?"

"ஆமாங்க மிஸி."

போட்டுவிட்டாள். பஞ்சை எறிந்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்து ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மிஸி, எனக்கு இன்னிக்கு ஊசி இல்லிங்களா?"

ஜீவராணி சட்டென்று திரும்பினாள். "நீங்க யாரு?"

"விஜயலெட்சுமிங்க. ராத்திரி அந்த ஜன்னல் பக்கம் குளுரு தாங்கல. பெரியாயி அக்காதான், 'எனக்குக் குளுரு பழக்கம், நீ இங்கிட்டு வந்து படு'ன்னுச்சு. மாறிப் படுத்துக்கிட்டோம்."

ஆள்தான் மாறியிருந்தது, அட்டை மாறவில்லை. பெரியாயி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பித்தப்பையில் கல். ஒன்பது மணிக்கு ஒபரேஷன். நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. சீனி வருத்தமே இல்லாத அந்த வெறும் வயிற்றுக்குத்தான் ஜீவராணி இப்போது இன்சுலினைப் போட்டிருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. நிஷாந்தினி தன் அறைக்குள் இருந்தாள். மேசையில் தாதிகள் தேநீருக்கு வைத்திருந்த சீனிப் போத்தல் நின்றது. இரண்டு கரண்டியைக் கரைத்துக் கொடுத்துவிட்டால்? வயிற்றில் எதையாவது வைத்துக்கொண்டு மயக்க மருந்து ஏறினால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் இன்னும் அரைமணியில் சீனி விழத் தொடங்கும். ஒபரேஷன் மயக்கத்தில் கிடப்பவர் வியர்ப்பதையும் நடுங்குவதையும் யார் கண்டுகொள்வது? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பெரியாயி போவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாம் சொல்லிவிடலாம். ஜீவராணி அந்தப் போத்தலைப் பார்த்தபடி நின்றாள். அப்படி நின்றதற்காகப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

பிறகு ஓடினாள். "சிஸ்டர், ஆள் மாறி இன்சுலின் போட்டுட்டேன். பெரியாயிக்கு. பன்னெண்டு யூனிட்."

நிஷாந்தினி எழுந்துவிட்டாள். திட்ட நேரமில்லை. டொக்டருக்கு அழைத்தாள், ஒபரேஷன் நின்றது, நரம்பில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. கால் மணிக்கு ஒரு தடவை ஜீவராணியே விரலில் குத்திப் பார்த்தாள். எண்பத்தொன்று. அறுபத்து நான்கு. ஐம்பத்திரண்டு. பெரியாயியின் நெற்றி வியர்த்து, பேச்சு குழறியது. குளுக்கோஸை இன்னும் கூட்டினார்கள். அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தவளுக்குத் தன் அம்மாவின் நினைவு வந்தது. பூனாகலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் போய், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, சப்பாத்துப் போட்ட அதிகாரி எதைச் சொன்னாலும் அம்மா 'ஆமாங்க' என்பார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த தனக்கு இது தெரியாதா? "உங்க பேரென்ன" என்று கேள், பெயரை நீயே சொல்லாதே என்று பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்களே.

எட்டரைக்கு எழுபத்தெட்டு. ஒன்பதுக்கு நூற்று நான்கு. பெரியாயி கண் தெளிந்து பார்த்தார். ஜீவராணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

பத்து மணிக்கு இத்ரூஸ், நடந்ததை எழுதிக்கொள்ள ஒரு தாளோடு கட்டிலடிக்கே வந்தார். நிஷாந்தினியும் வந்து நின்றாள்.

"அம்மா, ஊசி போட முந்தி இந்த மிஸ் உங்கட பேரக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க சேர்," என்றார் பெரியாயி, சற்றும் தடுமாறாமல். "நல்லாத்தான் கேட்டாங்க. நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லிப்புட்டேன். அவங்க மேல தப்பில்லிங்க."

இத்ரூஸின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நோயாளியே தன் பிழை என்கிறார், ஆஸ்பத்திரிக்குத் தொல்லையில்லை. பேனாவைத் திறந்தார். ஜீவராணி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை தங்கிவிடும்.

"இல்லிங்க சேர்," என்றாள். "பேரை நான் கேக்கல. நானே சொன்னேன். கைப்பட்டியையும் பாக்கல. அவங்க மேல எதையும் எழுதாதீங்க."

இத்ரூஸ் எரிச்சலோடு நிஷாந்தினியைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த தாளைக் காட்டினாள்.

"மூணு மாசத்தை இன்னிலேருந்து திரும்பத் தொடங்குவோம், சேர். நான் சொல்ற வரைக்கும் அக்கா தனியா ஊசி போடக் கூடாது. ஒளிக்கிற ஆளைத்தான் என்னால வச்சு வேலை வாங்க முடியாது."

இத்ரூஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். வேலை தங்கிவிட்டது. ஆனால் பெரியாயி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேருக்கு முன்னால என்னயப் பொய்க்காரியாக்கிட்டீங்களே மிஸி. ஒங்களுக்காகத்தானே சொன்னேன்."

ஜீவராணிக்குச் சுருக்கென்று தைத்தது. கடைசியாக ஒரு தடவை சீனி பார்க்க வேண்டும், விரலைக் கொடுங்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

பெரியாயி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "இப்ப வேணாங்க. வலிக்குது. கொஞ்சம் போகட்டும்."

"சரிங்கம்மா," என்று ஜீவராணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் திரும்பும்வரை காத்திருந்தாள்.