ஆறு இளைத்த காலை

என் தம்பிக்குப் பனியாற்றின் அடிவயிறு தெரியும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வெந்நீரைப் பீய்ச்சிப் பனியில் அடிவரை துளை போட்டு, கம்பியில் கருவியை இறக்கி, கீழே தேங்கும் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது அவன் வேலை. பனிமேல் போகும்போது கயிறு மாட்ட அவன் கட்டும் இடுப்பு வாரைத் தைத்துத் தருவது நான். எட்டாவதோடு நின்றவள்; ஆனாலும் என் தையல் இதுவரை பிரிந்ததில்லை.

அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. பனியின் வாயிலிருந்து வரும் ஆறு மட்டும் இளைத்துக் கிடந்தது.

"கால் நனையாம தாண்டலாம் போல" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "உருகுற தண்ணியெல்லாம் எங்கக்கா போச்சு?"

பனிக்கடியில் தண்ணீர் போகும் வழி அடைபட்டுவிட்டதாம். அப்படியானால் அது பரவித் தேங்கிப் பனியையே தூக்கும். தரையில் இருந்த பிடி விட்டுப்போய், அத்தனை கனமும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அவனோடு துளை போடும் கூட்டாளி மொட்டை ஏற்கெனவே பனிமேல் இருந்தான். ஆறு இளைத்தால் பாலத்தைச் சுற்றாமல் குறுக்கே நடந்து முந்திப் போய்விடுவது அவன் வழக்கம். துளை போடும் மெஷின் சத்தத்தில் வாக்கி-டாக்கி அவனுக்குக் கேட்கவில்லை.

"நீ போகாதடா."

"கூட்டிட்டு வந்துடறேன். உன் தையல்தானே, பிரியாது."

வார் ஒரு ஆளைத் தாங்கும். பனியை எது தாங்கும்?

ஆற்றங்கரையில் எங்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பார்த்தேன். முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பிறகு காலுக்கடியில் ஒரு உறுமல். பனிமேல் நட்ட சிவப்புக் கம்பம், எதிர்ப்பாறைக்கு நேராகவே நிற்கும் கம்பம், என் கண்முன் பாறையைக் கடந்து நகர்ந்தது. கம்பத்துக்குப் பின்னால் பனி வாய் பிளந்தது.

வெகுநேரம் கழித்து ஓரப் பாறையில் இரண்டு உருவங்கள், ஒரே கயிற்றில்.

"மெஷினை விட்டுட்டு வந்துட்டோமேடா" என்று மொட்டை அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தது காதில் விழுந்தது.

"மெஷினுக்கு அக்கா இல்லடா" என்றான் தம்பி.

எழுந்து ஓடப் பார்த்தேன், முடியவில்லை. வாரை என் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆறு சேறும் பனிப்பாளமுமாக உடைத்துக்கொண்டு வந்து பாலத்தை அடித்துப் போனது. தேங்கியது வடிந்ததும் பனி அடங்கியது.

இப்போதும் தினமும் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். இரைச்சலாக ஓடினால் ஊசியில் நூல் கோக்கிறேன். வெயில் நாளில் அடங்கிக் கிடந்தால், அவன் பூட்ஸை எடுத்து ஒளித்து வைக்கிறேன்.