மாதம்மாள் அக்கா திரும்ப அடித்த வாக்குமூலங்கள்

நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து செல்போனைப் பார்த்தால் பதினோரு அழைப்புகள். எல்லாம் மாதம்மாள் அக்காவின் மகளிடமிருந்து. திரும்பக் கூப்பிட்டேன். “அம்மா போயிட்டாங்க வக்கீலம்மா” என்றாள். போன வாரம்தான் என் மனுவில் மூன்று பிழை கண்டுபிடித்து, கட்சிக்காரர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினார். அதற்குள் என்ன அவசரம் அந்த மனுஷிக்கு!

அரூரில் வழக்கு போட்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் தட்டச்சுக் கடையில், வாரிசுச் சான்றிலிருந்து விவாகரத்து வரை அவர் அடிக்காத மனு இல்லை. அடித்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடமாட்டார். பறக்கும் வக்கீல்களைப் பார்த்து, “கேக்கறவங்களுக்குக் காது இருக்குதுங்க. உங்களுக்குத்தான் பொறுமை இல்லை” என்பார். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான்.

சில வருடங்களுக்கு முன் கடல் கடந்த ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில், இலங்கைத் தமிழரின் மனித உரிமைகளுக்கு ஆதரவாக ஒரு மசோதா வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்பதற்கு இலங்கை அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் உயிரான பிரிவு. அதை ஆராயும் குழு, உறவினர்களின் வாக்குமூலங்களைக் கேட்டிருந்தது. எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பத்தொன்பது பேர் முன்வந்தார்கள். நான் எழுதினேன், அக்கா அடித்தார்.

பதினெட்டுப் பேரிடம் நானே முகாமுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டேன். அக்கா என்னுடன் வரவில்லை. நான் படித்துக் காட்டவும் இல்லை. அன்று நடவுக்குப் போயிருந்த யோகம்மா மட்டும் கடைசி நாளில் கடைக்கு வந்தார். மாலை ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். அக்கா படிக்க ஆரம்பித்தார்: “எனது மகன் காலஞ்சென்ற சுதாகரன்...”

யோகம்மா எழுந்துவிட்டார். “என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? ஆமிக்காரர் என்ர கண்ணுக்கு முன்னால பஸ்ஸில ஏத்தினவங்கள். எங்க எண்டுதானே கேக்கிறன்!”

வாரிசு மனு எழுதிப் பழகிய கை என்னுடையது, அடித்துப் பழகிய கை அக்காவுடையது. இல்லாதவர் பெயர் என்றாலே முன்னால் அந்தச் சொல் தானாக வந்து விழுந்துவிடும். மற்ற பதினெட்டையும் புரட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் இருந்தது.

“தப்பு எங்களோடதும்மா, மன்னிச்சுடுங்க” என்று அக்கா யோகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மணியைப் பார்த்தேன். இவருடையதை மட்டும் திருத்தி அனுப்பிவிடலாம், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பசங்க எங்கேன்னு கேக்கத்தானே சட்டம் போடறாங்க? செத்துட்டாங்கன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா அப்பறம் எதுக்குங்க சட்டம்?”

பத்தொன்பதையும் திரும்ப அடித்தார். யோகம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். முகாமில் ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒரு தாய் மகனின் சட்டை நிறத்தைத் திருத்தினார். ஐந்து மணி அங்கேயே கடந்து போனது. மறுநாள் நடந்ததை மறைக்காமல் குழுவுக்கு எழுதினேன். தாமதத்தைப் பொறுத்து ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே அங்கே தேர்தல் வந்து, நாடாளுமன்றம் கலைந்து, மசோதா காலாவதியானது. நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். “எலெக்சன் முடிஞ்சா மறுபடி கொண்டாருவாங்க, நாம மறுபடி அடிப்போம். அது கெடக்கட்டும், சோறு தின்னீங்களா?” என்றார் அக்கா.

இப்போது மசோதா மறுபடி வந்திருக்கிறது. புதிய வாக்குமூலங்கள் கேட்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் முகாமுக்குப் போவதாக இருந்தது. அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன், நான் போகத்தான் போகிறேன். எழுதிய எதையும் உரியவரின் காதில் போடாமல் கையெழுத்து வாங்குவதில்லை என்ற அவருடைய பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வந்து யோகம்மாவுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் அழுதார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “அவ இல்லாட்டியும் வாங்கோ பிள்ளை. ஆனா முழுக்க வாசிச்சுக் காட்டோணும். கேட்டுப்போட்டுத்தான் நான் கையெழுத்து வைப்பன்.”